தீக்குச்சியா, தாழ்ப்பாளா?

சட்டமும் பொறுப்பும் குறித்து ஒன்பதாம் வகுப்பில் பேசும்போது நான் எடுத்துக்கொள்வது பாஸ்டன் நகர இரவு விடுதி ஒன்றின் வழக்கு. பள்ளிப் பிள்ளைகளிடம் இரவு விடுதியைப் பற்றியா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். விடுதி கிடக்கட்டும், எனக்கு வேண்டியவை அதன் கதவுகள்.

1942 நவம்பர் 28, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பாஸ்டனில் இருந்த 'கோக்கனட் குரோவ்' விடுதியில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடியிருந்தனர். அனுமதி 460 பேருக்குத்தான். அடித்தளத்தில் இருந்த மதுக்கூடத்தில், கழன்றிருந்த பல்பை மாட்டுவதற்காக 16 வயதுப் பணியாள் ஒருவன் தீக்குச்சி கிழித்தான். சற்று நேரத்தில் அங்கிருந்த செயற்கைப் பனை மரத்தில் நெருப்பு தெரிந்தது. கூரையை மறைத்துக் கட்டிய துணி வழியாக அது படியேறி, சில நிமிடங்களில் விடுதி முழுவதும் பரவியது. 492 பேர் இறந்தனர்.

தப்ப வழியே இல்லாத கட்டடம் அல்ல அது. முன்வாயிலில் இருந்தது சுழல் கதவு. கூட்டம் நெருக்கியதும் அது சிக்கி நின்றுவிட்டது. அடித்தளப் படிக்கட்டின் மேலிருந்த அவசரக் கதவு பூட்டியிருந்தது. காசு கொடுக்காமல் யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காக இப்படிப் பூட்டி வைப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்னொரு கதவு உட்புறமாகத் திறப்பது. உட்புறமாகத் திறக்கும் கதவை இழுக்க, முன்னால் நிற்பவர் ஓர் அடி பின்வாங்க வேண்டும். பின்னால் நூறு பேர் தள்ளும்போது அந்த ஓர் அடி எங்கே கிடைக்கும்? வகுப்பறைக் கதவருகே பத்து மாணவர்களை மெதுவாக நெருங்கி நிற்கச் சொன்னாலே இது புரிந்துவிடும்.

இப்போது வகுப்பைக் கேட்கிறேன்: குற்றவாளி யார்? "குச்சி கிழிச்ச பையன்தான், சார்!" என்றுதான் எப்போதும் முதல் குரல் வரும். அவர்களைவிட ஓரிரு வயதே மூத்தவன் அவன். ஆனால் அவன்மீது வழக்கே இல்லை; தீயின் காரணம் தெரியவில்லை என்றே அதிகாரப்பூர்வ விசாரணை முடித்தது. தண்டனை பெற்றவர் விடுதி உரிமையாளர் பார்னட் வெலான்ஸ்கி. அன்றிரவு அவர் மருத்துவமனையில் படுத்திருந்தார். தீயை அவர் மூட்டவில்லை, அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் 12 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. 1944இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தன் தொழிலிடத்துக்குப் பொதுமக்களை வரவழைப்பவருக்கு அவர்களுடைய பாதுகாப்பைப் பேணும் கடமை உண்டு. ஆபத்து தெரிந்தும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது, ஆபத்தான செயலைச் செய்வதற்குச் சமம் என்பது அத்தீர்ப்பின் சாரம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் வழக்கு இது.

பிள்ளைகள் புருவம் உயர்த்தும் இடங்கள் வேறு. தீ விபத்துக்கு எட்டே நாள் முன்பு விடுதியைச் சோதித்து, நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்த தீயணைப்புத் துறை அலுவலர் விடுதலையானார். உரிமையாளருக்கும் 1946இல் மன்னிப்பு கிடைத்தது. மன்னித்த ஆளுநர், விபத்தின்போது பாஸ்டன் மேயராக இருந்தவர்!

2003 பிப்ரவரி 20 அன்று ரோட் ஐலண்டில் 'தி ஸ்டேஷன்' விடுதியில் 100 பேர் இறந்ததையும் சேர்த்துச் சொல்வேன். மேடை வாணவேடிக்கையின் பொறி சுவர் நுரைப்பஞ்சில் பற்றியது. வெளியேறக் கிடைத்தது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். வேறு வாயில்கள் இருந்தும், பெரும்பாலோர் தாம் நுழைந்த வாயிலை நோக்கியே ஓடினர். மனிதர் இயல்பு அது. இங்கே வாணம் கொளுத்தியவர், உரிமையாளர் ஒருவர் ஆகிய இருவருமே சிறை சென்றனர்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் நம் நாட்டிலும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலத்தில், இது பள்ளிக்கும் உரிய பாடம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பாடம் முடிந்ததும் ஒரு செயல்பாடு தருகிறேன். குழுவுக்கு ஒரு தளம் என்று பள்ளியின் வரைபடம் வரைய வேண்டும். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது, வழியில் பெஞ்சோ சத்துணவு மூட்டையோ அடைத்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும். பூட்டிய வாயில் இருந்தால், அதன் சாவி அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அதையும் வரைபடத்தில் எழுத வேண்டும்.