சரிவு நிலமும் நிழல் தோட்டமாகும்

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. கொல்கத்தாவில் வைகாசி மாதப் புழுக்கத்தில், மின்சாரமும் நின்றுபோன ஒரு பிற்பகலைக் கழித்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. வீட்டின் பின்புறம் நாலு மரம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைக்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் இருக்கிற கொஞ்சம் இடமும் சரிவாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

சமவெளியான கொல்கத்தாவில் சரிவு ஏது என்று சிலர் கேட்கலாம். தெற்குப் புறநகர்களில் குடியிருப்போருக்கு விடை தெரியும். பழைய நாளில் இங்கே வீடு கட்டுவோர் முதலில் ஒரு குளம் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன்மீது வீடு எழுப்புவார்கள். வெள்ளத்துக்குத் தப்ப வங்காளிகள் கண்ட வழி அது. ஆகவே வீட்டுக்கும், 'புகூர்' என்று அவர்கள் சொல்லும் குளத்துக்கும் நடுவிலுள்ள கொல்லை, குளத்தை நோக்கிச் சாய்ந்தே இருக்கும்.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் கொல்லையும் அப்படிப்பட்டதுதான். நாற்பது அடி தூரத்துக்குள் ஆறடி இறக்கம். மழை வந்தால் கூரைத் தண்ணீர் முழுவதும் அதன் வழியாகவே ஓடும். மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். ஓர் ஆவணி மாதம், துணி எடுக்கப் போன என் தாயார் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்தது. அன்றோடு கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டோம்.

"இரண்டு லாரி இடிபாட்டைக் கொட்டி நிரவிவிடுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் யோசனை சொன்னார்கள். இது தவறான யோசனை. கொட்டியதும் சரிந்து குளத்தில்தான் விழும். குளங்களைத் தூர்ப்பதை மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டம் (1984) தடை செய்கிறது. அது மட்டுமல்ல, குளம் தூர்ந்தால் மழைநீர் நம் வீட்டுக்குள்தான் வந்து நிற்கும்.

உதகை சொல்லும் பாடம்

சரிவு என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது உதகமண்டலம். அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். அது தொடக்கத்தில் பூங்காவாக இருந்த இடமல்ல. தொட்டபெட்டா மலைச் சரிவில், மேற்பகுதி காடாகவும் கீழ்ப்பகுதி சதுப்பாகவும் கிடந்த நிலம். லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மக்கைவர் 1848-ல் வந்து அதைத் திருத்தத் தொடங்கினார். வேலை முடியப் பல ஆண்டுகள் பிடித்தன. 1874-ல் அமைந்த குன்னூர் சிம்ஸ் பூங்காவும் பள்ளத்தாக்கின் ஏற்ற இறக்கத்தை ஒட்டி உருவானதே.

இரண்டு இடங்களிலும் மலையை யாரும் மட்டமாக்கவில்லை. சரிவைச் சரிவாகவே ஏற்றுக்கொண்டார்கள். நம் கொல்லைக்கும் இதே முறைதான். முதலில் தண்ணீருக்கு வழி, அடுத்து மண்ணுக்குப் பிடிப்பு, கடைசியில்தான் செடி. நம்மில் பலர் செடியில் தொடங்கி, முதல் மழையிலேயே அதைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, "இந்த மண் சரியில்லை" என்று கைவிட்டுவிடுகிறோம்.

தண்ணீரும் மண்ணும்

கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். எனவே கூரைத் தண்ணீரைத் தகரத் தூம்பு வைத்துப் பிடித்து, கொல்லையின் ஓரமாகச் செங்கல் பதித்த வாய்க்காலில் இறக்கிவிட வேண்டும். பிறகு சரிவுக்குக் குறுக்கே, எட்டடிக்கு ஒன்றாக, ஓரடி அகலத்தில் சிறு கால்கள் வெட்ட வேண்டும். மேலிருந்து கீழாக வெட்டினால் அதுவே ஓடையாகி மண்ணை அரித்துவிடும். மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் உள்ள தண்ணீர்க் குழாய் போதும். குறுக்குக் கால்கள் ஓர வாய்க்காலை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் ஒரு வாரம் தேங்கி நின்றால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகும்.

மண்ணைப் பிடிக்க வெட்டிவேரைப் போன்ற செடி இல்லை. அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் பத்தடி ஆழம்வரை நேரே இறங்கும். 1980-களில் உலக வங்கி வல்லுநர்கள் இந்தியாவில் மண் அரிப்பைத் தடுக்கப் பரிந்துரைத்ததும் இதைத்தான். ஆங்கிலத்திலும் அதற்கு நம் தமிழ்ப் பெயரே வழங்குகிறது. ஆனால் வெட்டிவேருக்கு வெயில் வேண்டும். ஆகவே குளக்கரையோரம், வெயில் படும் இடத்தில், அரையடிக்கு ஒரு தூராக வரிசையாக நடுவது நல்லது.

நடைபாதையை நேராக இறக்காமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். நிழல் வந்தால் பாசியும் வரும். சூளையில் அதிகம் வெந்து கறுத்த கரடுமுரடான செங்கல்லை இங்கே 'ஜாமா' என்பார்கள். படிகளுக்கு அதைப் பதித்தால் கால் வழுக்குவது குறையும். ஒரு பக்கம் மூங்கில் கைப்பிடி அவசியம்.

எதை நடுவது?

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நம் ஊருக்குப் பொருந்தும். இங்கே ஆடியில் மழை உச்சத்தில் இருக்கும். வேர் பிடிக்குமுன் செடி போய்விடும். கால்பைசாகி மழையில் மண் நனைந்த பிறகு, வைகாசிக் கடைசியில் நட்டுவிடுவது உத்தமம்.

2020 மே 20-ல் வீசிய அம்பன் புயலில் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை மறக்கக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டிப் பெருமரம் வேண்டாம். எந்த மரத்தைச் சுற்றியும் சிமெண்டு பூச வேண்டாம். சரிவின் நடுவில் ஒரு பலா, ஓரத்தில் நாலு பாக்கு, கீழே ஒரு தென்னை போதும். ஒவ்வொன்றுக்கும் பள்ளப் பக்கத்தில் அரைவட்டமாக வரப்புக் கட்ட வேண்டும்.

மரத்தடி நிழலில் பெரணி, கலாடியம், மணி பிளாண்ட் ஆகியவை செழிக்கும். பாக்கு மரத்தில் வெற்றிலைக் கொடி ஏற்றலாம். ஈரமான அடிப்பகுதிக்குச் சேம்பு. மஞ்சளையும் இஞ்சியையும் மேலே மட்டமான இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். அறுவடைக்குத் தோண்டும்போது சரிவு மண் இளகிவிடும்.

எங்கள் கொல்லைக்கு மூன்று மழைக்காலம் பிடித்தது. முதல் ஆண்டு பாதிச் செடிகள் போயின. இரண்டாம் ஆண்டு வெட்டிவேர் நின்றது. மூன்றாம் ஆண்டு பூட்டைத் திறந்துவிட்டோம்.

"மாற்றல் வந்தால் விட்டுவிட்டுப் போகும் வாடகை வீட்டில் இவ்வளவு பாடு எதற்கு?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஞாயிறு மாலையில் லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டு நாம் காற்று வாங்கப் போகும் ரவீந்திர சரோவரும், 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் சதுப்பைத் தோண்டி உண்டாக்கியதே. அந்த மரங்களை நட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. நிழலில் உட்கார நாம் தயங்குவதும் இல்லை.

படியோரத்தில் ஒரு பவளமல்லி வைத்திருக்கிறோம். வங்காளிகள் அதை 'ஷியூலி' என்பார்கள். துர்கா பூஜைக் காலத்துப் பூ. புரட்டாசி விடியற்காலையில் என் தாயார் மூங்கில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, உதிர்ந்த பூக்களைப் பொறுக்குகிறார். பக்கத்து வீட்டு அம்மாளும் தட்டுடன் வருகிறார். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பாதிப் பூ அந்த வீட்டுப் பூஜைக்கு, பாதி எங்கள் வீட்டுச் சுவாமி படத்துக்கு.