வியாகுல அன்னையின் ஊழியர்கள்

நோயுற்றோரின் அருகே அமர்ந்திருக்கும் உறவினர் பலர், "என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லையே" என்று எங்களிடம் வருந்துவதுண்டு. அவர்களுக்காக ஒரு வரலாற்றை நினைவுகூர்கிறோம்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் உட்பகையால் பிளவுண்டிருந்த காலம். 1233-ஆம் ஆண்டில் அந்நகர வணிகர் எழுவர் தம் வாணிகத்தைத் துறந்து, மரியன்னையின் ஊழியர் சபையைத் தோற்றுவித்தனர். பின்னர் நகருக்கு வடக்கேயுள்ள செனாரியோ மலையில் தவ வாழ்வு மேற்கொண்டனர். 1304-இல் திருத்தந்தை பதினோராம் பெனடிக்ட் சபைக்கு உறுதியான ஒப்புதல் அளித்தபோது, எழுவருள் அலெக்சிஸ் ஒருவரே உயிரோடிருந்தார்.

சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையை அச்சபையினர் சிறப்பாகப் போற்றுகின்றனர். மகனின் வேதனையை நீக்க அன்னையால் இயலவில்லை. ஆயினும் அவர் அகன்று செல்லவில்லை. கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் உங்களிடம் அந்த ஊழியத்தையே நாங்கள் காண்கிறோம்.