செங்கோட்டைக் கிட்டப்பாவின் இசைத்தட்டுக்கள்

குற்றாலத்திற் சாரல் தொடங்கிற்று என்னும் செய்தி பரவியதும் தென்காசிப் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்குவார்க்கு ஓர் அளவில்லை. அருவியில் நீராடித் திரும்பும் அவருள், தென்காசிக்கு மேற்கே ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டையை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 1906-ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அந்நாளிற் செங்கோட்டை திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. 1956-இற் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2019-இல் அமைந்த தென்காசி மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது.

கிட்டப்பா இளமையிலேயே நாடக மேடையேறிக் கன்னையா கம்பெனியிற் புகழ்பெற்றார். பின்னர்க் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளோடு இணைந்து நடித்தார். 1933 டிசம்பர் 2-ஆம் நாள், தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழிற் பேசும் படம் 1931-இல் வந்துவிட்டதாயினும் அவர் எப்படத்திலும் நடித்திலர். ஆகவே, ஒலிபெருக்கியில்லாக் கொட்டகையிற் கடைசி வரிசையாரும் கேட்க இரவெல்லாம் பாடிய அக்குரலில் நமக்கு எஞ்சியது, அவர் பாடிப் பதித்த இசைத்தட்டுக்களில் அடங்கிய அளவே. (ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஒலிவாங்கிமுன் நின்று பாடியும் பின்வரிசையை எட்டாத எம்மனோர்க்கு இது பெருவியப்பே.) அத்தட்டுக்கள் அக்குரலை எவ்வாறு காத்தன, எவ்வாறு குறுக்கின என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

தட்டு உண்டாகும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். பாடும் ஒலி ஓர் ஊசியை அதிரச் செய்ய, அவ்வூசி சுழலும் மெழுகுத் தட்டின்மேல் நெளிந்து செல்லும் ஒரு கோட்டைக் கீறும். 1925 வரையிற் பாடகர் ஒரு பெரிய கொம்பின் வாயில் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாடவேண்டியிருந்தது. நுண்ணிய ஒலிகள் பதியா. அவ்வாண்டில் மேனாட்டில் மின்விசையாற் பதியும் முறை தோன்றிச் சில ஆண்டுகளில் இந்நாட்டிற்கும் வந்தது. கொம்பின் இடத்தை ஒலிவாங்கி பற்றிற்று. எம்முறையாயினும், பாடுங்கால் ஒரு பிழை நேரின் அதனைத் திருத்தல் இயலாது. வேறொரு மெழுகை வைத்து முதலிலிருந்தே பாடுதல் வேண்டும். மெழுகின்மேல் உலோகம் ஏற்றி, அதனின்று அச்செடுத்து, அவ்வச்சினால் அரக்குக் கலவையை அழுத்தித் தட்டாக்குவர். கல்கத்தாவில் 1908 முதல் இதற்கொரு தொழிற்சாலை இருந்தது. அரக்கென்பது நம் நாட்டுக் காடுகளிற் சிறு பூச்சியொன்று மரக்கிளைகளில் உண்டாக்கும் பிசின். கற்பொடி கலந்த அத்தட்டுக் கைதவறின் உடைந்தொழியும்.

இனி, காலத்தின் அளவு. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் நிமிடத்திற்கு 78 சுற்றாக ஓடி, மூன்று அல்லது மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நாடகத்திற் சபையோர் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவ, பாடிய அடியையே புதிது புதிதாகப் பாடிய ஒருவர்க்கு இவ்வெல்லை எத்தகையது! எதிரே சபையில்லை, கையொலியில்லை, இருப்பது ஒரு கடிகாரமே.

இந்நெருக்கத்தில் அவர் செய்தது யாதென்பதை இரண்டு தட்டுக்களைக் கொண்டு காணலாம். ஒன்று, தியாகராசரின் ‘எவரனி’ என்னும் தெலுங்குக் கீர்த்தனை, தேவாமிருதவர்ஷிணி இராகத்தில் அமைந்தது. மற்றொன்று, இராமலிங்க அடிகளின் ‘கோடையிலே இளைப்பாற்றி’ என்னும் விருத்தம். முன்னதன் புகழ் பெரிது. இசையரங்கை எட்டியும் பாராதவர் பலர் அக்கீர்த்தனையை அறிந்தது அத்தட்டின் வாயிலாகவே. எனினும் எம் மனம் விருத்தத்தின் பக்கமே சாய்கின்றது. கீர்த்தனைக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என உறுப்புக்கள் பல, தாளமும் உண்டு, மூன்று நிமிடத்தில் அவற்றுள் ஒன்றேனும் மூச்சு முட்டாமலிராது. விருத்தத்திற்கோ தாளமில்லை. எண்சீரடி நான்கினையும் பாடகர் வேண்டுமிடத்து நீட்டலாம், வேண்டுமிடத்துச் சுருக்கலாம். அவ்வுரிமையை அவர் முற்றும் கைக்கொண்டார். கேட்கும் நமக்கு நேரம் குறுகிற்று என்னும் நினைவே எழுவதில்லை. சாரல் நாட்டில் வளர்ந்தவர் கோடைக்கேற்ற நிழலைப் பாடியதும் பொருத்தமே.

ஒரு தட்டில் அடங்காத நாடகத்தைப் பல தட்டுக்களிற் பகுத்து ‘நாடக செட்’ என விற்ற வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. மேனாட்டார் பல தட்டுக்களை உறைகளிலிட்டுப் புத்தகம்போற் கட்டி அதனை ‘ஆல்பம்’ என்றனர். 1948-இல் நெடுநேரத் தட்டு வந்தபின் புத்தகம் போயிற்று, பெயர் நின்றது. இன்று நம்மையொத்த இளைஞர் நால்வர் கிதாரும் முரசுமாகக் கூடித் தம் முதற் பாட்டுத் தொகுதியை வெளியிடுங்கால் வழங்கும் சொல்லும் அதுவே. கிட்டப்பா தட்டுக்களைப் பதித்தபோது அவரும் அவ்விளைஞர் வயதினரே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

நிற்க. கிட்டப்பாவைப் பற்றிப் பேசுவோர் யாவரும் முதலிற் கூறுவன இரண்டு: உயர்ந்த சுருதி, மின்னலென ஓடும் பிருகா. இவ்விரண்டினும் தட்டு நம்மை ஏமாற்றக்கூடும். என்னை? 78 சுற்றிற் சுழலவேண்டிய தட்டினை 83 சுற்றிற் சுழற்றினால், ஆர்மோனியத்தில் அடுத்த கட்டையளவிற்குச் சுருதி ஏறிவிடும், பிருகாவும் அவ்வளவு விரையும், குரலும் இளைதாகும். பதித்த இயந்திரமே 78-ஐச் செவ்வையாகக் காத்தது என்பதற்கும் உறுதியில்லை. இணையத்திற் கேட்கும் படிகளோ, தட்டினின்று யார் எவ்வேகத்தில் எடுத்தனரோ அவ்வேகத்தின. அவற்றைக் கேட்டு அவர்போற் கத்திப் பாடிக் குரலைக் கெடுத்துக்கொள்ளுதல் அறியாமையாகும்.

சோதித்தற்கு ஒரு வழியுண்டு. மேடையில் அவர்க்கு ஆர்மோனியம் வாசித்தவர் தமையனார் காசி ஐயர். ஆர்மோனியத்தின் கட்டைகள் பாடகரின் விருப்பிற்கேற்ப வளையா. ஆர்மோனியம் ஒலிக்கும் தட்டொன்று இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட சுருதியில் ஒலிப்பின், வேகத்தின்மேல் ஐயங்கொள்ளலாம். ஆர்மோனியங்களும் ஒன்றற்கொன்று சிறிது வேறுபடுமாதலின், இச்சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்க்காது.

சென்ற சாரற் காலத்தில் தென்காசியில் ஒரு முதியவர் இல்லத்தில், கையால் முறுக்கும் கிராமபோனில் அவ்விருத்தத்தைக் கேட்டோம். பக்கந்தோறும் புது ஊசி மாற்றினார். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள திருகின் அருகே வெள்ளை வண்ணத்தில் மெல்லியதொரு கோடு கண்டு, அஃது யாதென வினவினோம். கிட்டப்பாவை நாடகக் கொட்டகையில் நேரிற் கேட்ட தம் தந்தையார் இட்ட அடையாளம் என்றார். கிட்டப்பா தட்டுக்களுக்கு மட்டும் திருகை அவ்விடத்தில் நிறுத்த வேண்டுமென்பது தந்தையாரின் கட்டளையாம். குனிந்து நோக்கினோம். அக்கோடு 78 என்னும் எண்ணிற்கு நேரே இல்லை. வேகங்குறைந்த பக்கத்தில், ஒரு நெல்லளவு விலகியிருந்தது.