கறுப்புத் திரையில் வரும் எழுத்துகள்

இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் சிலவற்றில் பழைய கணினி ஒன்று உண்டு. உறவினர் விட்டுச்சென்றதாகவோ, அலுவலகம் ஒன்று கழித்துக் கொடுத்ததாகவோ அது இருக்கும். பிள்ளைகளின் பாடங்கள் மாத்திரமன்றி, காணி உறுதியின் பிரதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், இறந்தவர்களின் புகைப்படங்கள் என்பனவும் அதனுள் இருக்கலாம். ஒருநாள் அது கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகளைக் காட்டி நின்றுவிட்டால், பழுதாகிவிட்டது என்று மூலையில் வைத்துவிடுகிறோம்.

நீரிறைக்கும் இயந்திரம் ஸ்ராட் ஆகாவிட்டால் உடனே எஞ்சினைக் கழற்றுவதில்லை. எண்ணெய் இருக்கிறதா, பிளக் சுத்தமா என்றுதான் முதலில் பார்க்கிறோம். கணினியும் அவ்வாறே. ஆளியைப் போட்டவுடன் அது தனது உறுப்புகளைத் தானே சோதிக்கிறது. குறை கண்டால் திரையில் எழுதுகிறது. அந்த வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்வதே முதல் வேலை.

1. "சீமோஸ் செக்சம் எரர்" அல்லது திகதி பிழை: உள்ளே இருக்கும் சிறிய பற்றரி தீர்ந்துவிட்டது. நாணயமளவான, 3 வோல்ற் பற்றரி அது, பெரும்பாலும் அதன்மேல் "சீ.ஆர். 2032" என்றிருக்கும். மின்சாரம் இல்லாதபோது திகதியையும் அமைப்புகளையும் காப்பது இதுவே. ஆகவே நெடுங்காலம் கட்டிவைத்த கணினியில் இது விரைவில் தீரும். புதியதை அதே பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, திகதியைத் திருத்துங்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

2. "கீபோட் எரர்": விசைப்பலகையின் வயர் கழன்றிருக்கலாம், அல்லது விசையொன்று அழுந்தி நிற்கலாம்.

3. "நொன் சிஸ்ரம் டிஸ்க்", "ஒப்பரேற்றிங் சிஸ்ரம் நொற் பவுண்ட்": செருகிய பென் டிரைவையோ பிளொப்பியையோ எடுத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். அதன் பின்னும் வந்தால், லொறியில் ஏற்றி இறக்கியபோது ஹாட் டிஸ்க்கின் வயர் தளர்ந்திருக்கலாம். இரு முனைகளையும் அழுத்திவிடுங்கள்.

4. திரையில் ஒன்றுமில்லை, "பீப்" சத்தம் மட்டும்: பல வேளைகளில் ராம் எனும் நினைவகத் தகடு தளர்ந்திருக்கும். கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை அகற்றி மீண்டும் பொருத்துங்கள்.

5. "ஸ்மார்ட்" என்று தொடங்கி "பக்கப்" என்ற சொல்லும் வரும் எச்சரிக்கை: இதுதான் பாரதூரமானது. ஹாட் டிஸ்க் விரைவில் செயலிழக்கலாம். வேறு வேலை செய்யாமல் முக்கியமானவற்றை அன்றே பிரதி எடுங்கள். "டிக், டிக்" என்று சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு, அனுபவமுள்ளவரிடம் கொண்டுபோங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் மின்வயரைக் கழற்றுங்கள். உள்ளேயுள்ள மின்வழங்கிப் பெட்டியையும், பழைய கண்ணாடிக் குழாய்த் திரையையும் ஒருபோதும் திறக்கக்கூடாது. வயரைக் கழற்றிய பின்னும் அவற்றில் உயிராபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

திருத்தக் கொடுப்பவர்கள் கட்டாயம் ஒன்றைச் சொல்லவேண்டும்: "எங்களைக் கேளாமல் போமற் பண்ண வேண்டாம்." போமற் செய்து விண்டோசை மீண்டும் பதிந்தால் கணினி எழும்பும், ஆனால் உள்ளிருந்தவை போய்விடும். ஹாட் டிஸ்க் நல்லதாயின், அதனைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுக்கலாம். கணினி எழும்பவில்லை என்பதற்காக உள்ளிருப்பவை அழிந்துவிட்டன என்று பொருளல்ல.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 உடன் நின்றுவிட்டன. அத்தகைய கணினி பிள்ளைகள் தட்டெழுதிப் பழக உதவும். வங்கி அலுவல்களுக்கு வேண்டாம்.

வீட்டையும் வயலையும் விட்டுவந்த எமக்கு ஓர் உறுதியின் பெறுமதி தெரியும். கணினி நன்றாக ஓடும்போதே இரண்டு பென் டிரைவ்களில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வைப்போம். மூல உறுதியைப் பொலித்தீன் உறையிலிட்டு, அவசரத்தில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்போம்.