சிறகு ஒன்று போல, உடல் வேறு

ஆத்தூர் என்றதும் தாமிரபரணிப் பாசனமும் வாழையும், 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையும் நினைவிற்கு வரும். ஆயினும் கொல்லையில் நிற்கும் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நம் அங்கத்தினர் குடும்பங்களுக்குத் துணையானவையே. அக்கன்றுகளைப் புழு மொட்டையடித்தால், அருகில் பறக்கும் கரிய வண்ணத்துப்பூச்சிகளையெல்லாம் அடித்துவிடத் தோன்றும். அவற்றுள் தீங்கு செய்வது எது, செய்யாதது எது என்பதை ஈண்டு விளக்குகிறோம்.

இலையைத் தின்னும் புழுக்களுள் ஒன்று கறிவேப்பிலை அழகியின் புழு. இப்பூச்சியில் ஆணின் பின்சிறகில் வெண்புள்ளிகள் ஒரு வரிசையாக அமைந்திருக்கும். பெண்ணோ மூவகைத் தோற்றம் உடையது. ஒன்று ஆணை ஒத்தது. மற்றொன்று, பின்சிறகின் நடுவில் வெண்திட்டும் ஓரத்தில் செம்பிறைகளும் கொண்டு ரோஜா அழகியைப் போன்றது. மூன்றாவது, முன்சிறகில் வெளிறிய பட்டைகளும் பின்சிறகில் செம்புள்ளிகளும் கொண்டு சிவப்புடல் அழகியைப் போன்றது.

இவ்வேடம் எதற்கு? ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுப்பருவத்தில் ஆடுதின்னாப்பாளை போன்ற செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அவற்றை நாடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அவற்றின் சாயலால் உயிர் பிழைக்கிறது. இம்மூவகைப் பெண்களும் ஒரே இனமே என்பதை 1865ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலேஸ் எடுத்துக்காட்டினார். இவ்வேற்றுமையை ஆள்வது ஒரே மரபணு என்பது 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று.

வேறுபாடு காண்பது எளிது. கரையை மட்டும் பார்த்து நெசவாளர் சேலையை மதிப்பதில்லை; உடலையும் பார்ப்பார். இங்கும் அவ்வாறே. உடல் சிவந்திருந்தால் அது ரோஜா அழகியோ சிவப்புடல் அழகியோ ஆகும். எலுமிச்சைக்கு அவற்றால் தீங்கில்லை. செம்புள்ளிச் சிறகும் கரிய உடலும் சேர்ந்திருந்தால் அது கறிவேப்பிலை அழகி.

எனினும் பறக்கும் பூச்சியைத் துரத்துவதைவிடப் புழுவைத் தேடுவதே பயன் தரும். இளம்புழு பறவையின் எச்சம் போலவும், வளர்ந்தது பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைப்புறத்தில் கவைக்கொம்பை நீட்டி நாற்றம் வீசும். கன்றுகளில் இவற்றைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். மிகுந்தால் 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு வீதம் இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். வளர்ந்த மரம் சில இலைகளை இழப்பதால் வாடிவிடாது. கன்றைக் காப்போம், குற்றமற்ற பூச்சியைப் பறக்கவிடுவோம்.