ஊசி குத்தினால் சுளுக்கு ஆறுமா?

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் போயிருக்கிறீர்களா? செங்கோட்டைக் கணவாய் வழியே சாரல் காற்று வீசும். அருகிலுள்ள குற்றாலத்தில் பேரருவி கொட்டும். மலை உச்சியிலிருந்து வரும் நீர் நேராகத் தலைமேல் விழுந்தால் நம்மால் தாங்க முடியாது. நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழி அதன் வேகத்தைத் தணித்துவிடுகிறது. அதனால்தான் அருவியின் கீழே நின்று குளிக்க முடிகிறது. குளித்து வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். "தோள்வலி பறந்து போயிற்று" என்பார்கள். மறுநாள் வலி திரும்பி வந்ததையும் சிலர் சொல்வார்கள்.

நீர் அடித்தால் வலி ஏன் குறைய வேண்டும்? குறைந்த வலி ஏன் திரும்ப வேண்டும்? இக்கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு, தென்காசியில் ஒரு விளையாட்டுத் திடலுக்கு வாருங்கள்.

நீங்கள் பள்ளிக் கபடிக் குழுவில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாடிச் சென்று, எதிரணியினரின் பிடியிலிருந்து நழுவித் திரும்பும்போது பாதம் உட்புறமாக மடிந்துவிடுகிறது. 'சுளீர்' என்று ஒரு வலி. சற்று நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. போட்டிக்கு இன்னும் எட்டே நாட்கள். ஒரு நண்பன் சொல்கிறான்: "ஊசி வைத்தியம் செய்துகொள். இரண்டே நாளில் ஓடலாம்."

அவன் சொல்வது சரியா?

உள்ளே என்ன அறுந்தது?

எலும்பையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் உறுதியான நார்களுக்குப் பிணைநார்கள் என்று பெயர். ஆங்கிலத்தில் லிகமென்ட் என்பார்கள். பாதம் உட்புறம் மடியும்போது கணுக்காலின் வெளிப்புறப் பிணைநார் அளவுக்கு மீறி இழுபடுகிறது. அதன் இழைகளில் சில அறுகின்றன. இதுவே சுளுக்கு.

உடல் உடனே பழுது பார்க்கத் தொடங்குகிறது. முதல் சில நாட்கள் இரத்தக் குழாய்கள் விரிந்து, நீரும் வெள்ளணுக்களும் அங்கே கூடுகின்றன. சிதைந்தவற்றை அகற்றும் வேலை நடக்கிறது. வீக்கமும் சூடும் வலியும் இதன் அறிகுறிகளே. அடுத்த சில வாரங்களில் கொலாஜன் என்னும் புரத இழைகள் புதிதாக உருவாகின்றன. தொடக்கத்தில் இவை வைக்கோல்போல் தாறுமாறாகக் கிடக்கும். பின்னர்தான் இழுவிசையின் திசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டு வலிமை பெறும். இந்தக் கடைசி வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும்.

ஊசி வந்த கதை

அக்குபங்சர் சீனாவில் மிகப் பழங்காலத்திலேயே தோன்றிய முறை. இலத்தீன் மொழியில் 'அக்கஸ்' என்றால் ஊசி, 'பங்ச்சுரா' என்றால் குத்துதல். ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் பருமனுள்ள, துளையில்லாத ஊசியைக் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகுவார்கள். மருந்து எதுவும் ஏற்றுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 361 புள்ளிகள் உள்ளன. நம் தென்மாவட்டங்களில் வழங்கிவரும் வர்மக் கலையிலும் உடலில் 108 வர்மப் புள்ளிகள் கூறப்படுவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்.

இந்தியாவில் அக்குபங்சர் பரவக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. 1938-இல் போரினால் துன்புற்ற சீனாவுக்கு உதவச் சென்ற ஐந்து இந்திய மருத்துவர்களுள் அவரும் ஒருவர். அங்கேயே 1942-இல் உயிர்நீத்த டாக்டர் கோட்னிஸ் மற்றொருவர். 1950-களின் இறுதியில் பாசு மீண்டும் சீனா சென்று இம்முறையைக் கற்றுவந்து, கல்கத்தாவில் சிகிச்சை அளித்தார்.

உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது, அதன் தடையை ஊசி நீக்குகிறது என்பது பழைய சீன விளக்கம். உடலை அறுத்துப் பார்த்தவர்கள் அத்தகைய பாதைகளைக் காணவில்லை. பின் வலி எப்படிக் குறைகிறது?

வலிக்கு ஒரு வாயில்

இப்பொழுது அருவிக்குத் திரும்புவோம். தொடுவுணர்வைக் கொண்டு செல்லும் நரம்பு இழைகள் பருமனானவை. அவற்றில் செய்தி விநாடிக்கு 30 முதல் 70 மீட்டர் வரை பாய்கிறது. மந்தமான வலியைக் கொண்டு செல்லும் மெல்லிய இழைகளில் அது விநாடிக்கு அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரைதான் நகர்கிறது. கால்விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, 'விண் விண்' என்ற வலி சற்றுப் பின்னால் வருவது இதனால்தான்.

1965-இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் இருப்பதுபோல் கொள்ளலாம். தொடுவுணர்வுச் செய்திகள் மிகுதியாக வந்தால் அவ்வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது என்றார்கள். இக்கொள்கையின் சில விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டவுடன் நாம் தேய்த்துவிட்டுக்கொள்கிறோமே, அதுவும் இதே உத்திதான். அருவிநீர் தோளைத் தட்டும்போதும் இதுவே நிகழ்கிறது எனலாம்.

இதோடு முடியவில்லை. 1975-இல் ஸ்காட்லாந்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்பவர்கள், மூளையே வலியடக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அப்பொருள்களின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அக்குபங்சர் தரும் வலிநிவாரணமும் குறைவதைச் சில சோதனைகள் காட்டின. 2010-இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில், ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்னும் பொருள் வெளிப்பட்டு வலியைத் தணிப்பது தெரிந்தது. ஆகவே ஊசி ஒன்றுமே செய்யவில்லை என்று தள்ளிவிட முடியாது.

பொய் ஊசிச் சோதனை

ஆனால் குறிப்பிட்ட புள்ளியில்தான் குத்த வேண்டுமா? இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சிலருக்கு முறைப்படி ஊசி போடுவார்கள். சிலருக்குப் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலியுள்ள 1162 பேரிடம் செய்த இத்தகைய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், முறையான ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேரும், பொய் ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேரும் நலமடைந்திருந்தனர்.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். ஊசி பயன் தந்தது. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பயன்! நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் கவனிப்பும்கூட வலியைக் குறைக்கின்றன என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

கணுக்கால் சுளுக்கின் நிலை என்ன? காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுக் குழு 2014-இல் இதுபற்றிய 20 ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்தது. அவை தரத்தில் குறைந்தவை. அவற்றைக் கொண்டு அக்குபங்சர் சுளுக்கைக் குணப்படுத்தும் என்று நம்பிச் சொல்ல இயலாது என்பதே அதன் முடிவு.

வலி ஒரு காவற்காரன்

இனி நண்பனுக்கு விடை சொல்லலாம். வலி குறைவது ஒன்று. நார் ஆறுவது வேறொன்று. ஊசி வலியைக் குறைக்கலாம். ஆனால் வைக்கோல்போல் கிடக்கும் கொலாஜன் இழைகளை அது இரண்டு நாளில் முறுக்கேற்றிவிடாது. "இங்கே வேலை நடக்கிறது, மிதிக்காதே" என்று சொல்லும் காவற்காரன்தான் வலி. அவனைத் தூங்கவைத்துவிட்டுத் திடலில் இறங்கினால், பாதி அறுந்த நார் முழுதும் அறுந்துபோகக்கூடும்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் எலும்பின் நுனியருகே வளரும் பகுதி ஒன்று உண்டு. அது பிணைநாரைவிட மென்மையானது. ஆகவே இதில் அலட்சியம் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாட்கள் காலை உயர்த்தி வைத்து, மீள்துணிக் கட்டுப் போட்டு ஓய்வு கொடுங்கள். இந்நாட்களில் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவ வேண்டாம். வீங்கிய காலோடு அருவிக்குப் போகவும் வேண்டாம். வழுக்குப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்பது இன்னொரு விபத்துக்கு அழைப்பு! பின்னர் மருத்துவர் சொல்லும்போது மெல்ல நடக்கவும் பாதத்தை அசைக்கவும் தொடங்குங்கள். அளவான அசைவுதான் புதிய இழைகளை ஒழுங்காக அடுக்கவைக்கிறது. வலியைத் தணிக்க அக்குபங்சர் செய்துகொள்ள வீட்டில் விரும்பினால், முறையாகப் பயின்றவரிடம் செல்லுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சட்காமாலைக் கிருமிகள் பரவும். எனவே உறை பிரிக்காத புது ஊசிதானா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

திடலுக்குத் திரும்பும் நாளை நாட்காட்டி சொல்ல வேண்டாம், கால் சொல்லட்டும். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் தள்ளாடாமல் நில்லுங்கள். நொண்டியடித்துப் பாருங்கள். எட்டு வடிவில் ஓடித் திரும்புங்கள். பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் பிணைநாரில் உண்டு. அவையும் அடிபட்டிருக்கும். ஆகவே ஒற்றைக் காலில் நிற்பது சோதனை மட்டுமல்ல, பயிற்சியும் ஆகும். இவற்றில் தேறும்வரை காத்திருங்கள்.

இந்தப் போட்டி போனால் அடுத்த போட்டி வரும். கணுக்கால்களோ நமக்கு இரண்டே இரண்டு!