ஹோலோங்காபார் கிப்பன் காப்பகம்

ஹோலோங்காபார் கிப்பன் காப்பகம் என்பது இந்தியாவின் அசாம் மாநிலத்தில், ஜோர்காட் மாவட்டத்தில் உள்ள காட்டுயிர் காப்பகம் ஆகும். இதன் பரப்பளவு 20.98 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வாழும் ஒரே வாலில்லாக் குரங்கினமான மேற்கு ஊலக் கிப்பனைக் காப்பதற்காக இது அமைக்கப்பட்டது. கிப்பனையும் சேர்த்து ஏழு வகை முதனிகள் இச்சிறிய காட்டில் வாழ்கின்றன. காட்டைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் சிற்றூர்களும் வயல்களும் சூழ்ந்துள்ளதால், முன்னர் மலையடிவாரம் வரை நீண்டிருந்த பெருங்காட்டின் எஞ்சிய துண்டாக இது தனித்து நிற்கிறது. போதாக்குறைக்கு, ஓர் இருப்புப்பாதை காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது.

== பெயர் ==

இப்பகுதியில் மிகுந்து காணப்படும் ஹோலோங் என்னும் மரத்தின் பெயரே காட்டுக்கு வழங்குகிறது. அசாமிய மொழியில் கிப்பனை 'ஹோலௌ' என்பர். ஒலி நெருக்கத்தால் இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கொள்ளும் குழப்பம் வெளியூரார் எழுத்துகளில் அவ்வப்போது காணப்படுகிறது. ஒன்று மரம், மற்றொன்று அம்மரத்தில் வாழும் விலங்கு. 1997 ஆம் ஆண்டில் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது இது கிப்பன் காட்டுயிர் காப்பகம் எனப் பெயர் பெற்றது. தற்போதைய பெயர் 2004 ஆம் ஆண்டில் இடப்பட்டது.

== அமைவிடமும் நிலமும் ==

காப்பகம் பிரம்மபுத்திரா ஆற்றின் தென்புறச் சமவெளியில், மரியானி நகருக்கு அருகில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 முதல் 120 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நிலம் தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி மெல்லச் சரிகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 250 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. எல்லையை ஒட்டி ஓடும் போக்தோய் ஆற்றினால் தாழ்வான பகுதிகளில் நீர் தேங்கி, ஈரநிலத் தாவரங்கள் வளர்கின்றன. தெற்கே நாகாலாந்து எல்லையில் மலைகள் எழுகின்றன. மலையடிவாரக் காடுகளுக்கும் காப்பகத்துக்கும் இடையில் இன்று தேயிலையே உள்ளது.

== காடு தீவான வரலாறு ==

1881 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இக்காட்டின் ஒரு பகுதியை ஒதுக்கப்பட்ட காடாக அறிவித்தது. அப்போது இதன் நோக்கம் விலங்குகளைக் காப்பதன்று. மரத்தை அரசின் கட்டுப்பாட்டில் வைப்பதே ஆகும். அதே காலத்தில் மேல் அசாம் முழுவதும் தேயிலைத் தோட்டங்கள் வேகமாகப் பரவிவந்தன. தேயிலைச் செடிக்கு மழை மிகுதியாகவும், வேரில் நீர் தேங்காததாகவும் உள்ள நிலம் தேவை. ஹோலோங் காடுகள் வளர்ந்திருந்த மேட்டு நிலங்கள் இதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தன. எனவே காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. சோட்டா நாகபுரி முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர்கள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்களுக்கு இருப்புப்பாதைகளும், தொழிலாளர் குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றி வயல்களும் தேவைப்பட்டன. மலையடிவாரத்துடன் இணைந்திருந்த காடு இவ்வாறு சிறிது சிறிதாகத் துண்டிக்கப்பட்டது.

ஒதுக்கப்பட்ட பரப்பு பின்னர் குறைக்கப்பட்டும் கூட்டப்பட்டும் வந்தது. 1924 முதல் வெற்றிடங்களில் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டன. ஆகவே இன்று காணப்படும் காட்டை மனிதன் கைபடாத கன்னிக்காடு என்று கூறுவது சரியன்று. இயற்கையாக எஞ்சிய மரங்களும், வெட்டுமரத்துக்காக வனத்துறை நட்டு வளர்த்த மரங்களும் ஒரு நூற்றாண்டில் கலந்து உருவானதே இக்காடு. இது அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. கிப்பனுக்குத் தேவையானது உயர்ந்த, ஒன்றோடொன்று கிளை கோத்த மரங்களே. அம்மரங்களை நட்டவர் யார் என்பது அதற்கு ஒரு பொருட்டன்று.

== மரங்கள் ==

இது அசாம் சமவெளியின் வண்டல் நிலத்துப் பகுதிப் பசுமைமாறாக் காடு ஆகும். இடையிடையே முழுப் பசுமைமாறாக் காடுகளும் உள்ளன. மேல் அடுக்கில் ஹோலோங் மரம் ஆட்சி செய்கிறது. அசாமின் மாநில மரமான இது, சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிளையில்லாமல் நேராக உயர்ந்து உச்சியில் மட்டும் விரியும் இயல்புடையது. இதன் காய்க்கு இரண்டு நீண்ட இறக்கைகள் உண்டு. அவற்றின் துணையால் காய் சுழன்றபடி காற்றில் இறங்கும். ஒட்டுப்பலகை ஆலைகள் இம்மரத்தைப் பெரிதும் விரும்பியதால், அசாமின் பிற பகுதிகளில் ஹோலோங் காடுகள் மிகவும் அழிந்தன. 1996 ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை வடகிழக்கில் மரம் வெட்டுதலைப் பெருமளவு கட்டுப்படுத்தியது.

நடு அடுக்கில் நாகேசரம் மிகுதி. தான்றி, உவாத்தேக்கு, பலாவின் உறவான சாம் மரம், அகில் ஆகியவையும் உள்ளன. தமிழ் இலக்கியத்தில் நறும்புகைக்குப் பெயர்பெற்ற அகில் இங்கு இயல்பாக வளர்கிறது. கிப்பனின் நோக்கில் பார்த்தால் அத்தி இன மரங்களே முதன்மையானவை. பிற மரங்கள் பழுக்காத பருவங்களிலும் அத்திகளில் ஏதாவது ஒன்று பழுத்திருக்கும்.

== மேற்கு ஊலக் கிப்பன் ==

கிப்பன்கள் சிறு வாலில்லாக் குரங்குகள். மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய பேரினங்களுக்கு அடுத்த கிளை இவற்றுடையது. ஊலக் கிப்பன் 6 முதல் 9 கிலோகிராம் எடையுள்ளது. வளர்ந்த ஆண் கறுப்பாகவும், கண்ணுக்கு மேல் வெண்புருவத்துடனும் இருக்கும். வளர்ந்த பெண் செம்பழுப்பு நிறமுடையது. குட்டி வெளிறிய நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் கறுத்துவிடும். ஆண் அந்நிறத்திலேயே இருந்துவிட, பெண் பருவமடையும்போது மீண்டும் நிறம் மாறும். இதனால் கறுப்பு நிற இளங்கிப்பனைப் பார்த்தவுடன் அது ஆணா பெண்ணா எனக் கூறுவது எளிதன்று.

இவை ஒரு சோடியும் அதன் பிள்ளைகளும் சேர்ந்த சிறு குடும்பமாக வாழ்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு காட்டுப் பகுதியைக் கொண்டிருக்கும். காலை நேரத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உரக்கப் பாடுவது அந்த எல்லையை அண்டைக் குடும்பங்களுக்கு அறிவிக்கவும், தம் பிணைப்பை உறுதிப்படுத்தவும் உதவுகிறது. இப்பாடல் நெடுந்தொலைவு கேட்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு குட்டி மட்டுமே பிறக்கிறது. ஆகவே எண்ணிக்கை ஒருமுறை குறைந்தால் மீண்டு வர நீண்ட காலம் ஆகும்.

கிப்பன் நீண்ட கைகளால் கிளையைப் பற்றி, உடலை ஊசலாட்டி அடுத்த கிளைக்குத் தாவுகிறது. மரத்தின் மேல் இதற்கு இணையான விரைவுடைய விலங்குகள் மிகச் சிலவே. ஆனால் தரையில் நிலைமை தலைகீழ். கைகளை மேலே தூக்கிக்கொண்டு இரு கால்களால் தள்ளாடி நடக்கும் அது நாய்க்கும் சிறுத்தைக்கும் எளிதில் இரையாகக்கூடும். நீந்தவும் தெரியாது. எனவே அது இயன்றவரை தரையிறங்குவதில்லை. இந்த ஓர் இயல்பே இக்காப்பகத்தின் முதன்மைச் சிக்கலுக்கு வேராகும்.

வடகிழக்கு இந்தியாவில் மேற்கு, கிழக்கு என இரண்டு ஊலக் கிப்பன் இனங்கள் உள்ளதாக முன்னர் கருதப்பட்டது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் நடத்தி 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட மரபியல் ஆய்வு, இந்தியாவில் உள்ளது மேற்கு ஊலக் கிப்பன் மட்டுமே எனக் காட்டியது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் அபாயத்திலுள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஹோலோங்காபாரில் ஏறத்தாழ 125 கிப்பன்கள் வாழ்வதாக அண்மைக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன.

== பிற முதனிகள் ==

கிப்பன் நீங்கலாக உள்ள ஆறு முதனிகளில் குட்டைவால் குரங்கு குறிப்பிடத்தக்கது. சிவந்த முகமும் தடித்த உடலும் கொண்ட இது பெருங்கூட்டமாகத் தரையிலேயே இரை தேடுகிறது. இந்தியாவில் இதனைக் காண்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் வேறில்லை எனலாம். பன்றிவால் குரங்கு, அசாமியக் குரங்கு, செம்முகக் குரங்கு ஆகியவையும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. தலையில் தொப்பி வைத்தாற்போன்ற மயிருடைய தொப்பி மந்தி இலைகளை மிகுதியாக உண்கிறது. ஏழாவதான வங்காளத் தேவாங்கு இரவில் மட்டும் நடமாடும். இது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வாழும் தேவாங்கின் உறவினம். ஆயினும் அதைவிடப் பருத்தது. கையிலுள்ள ஒரு சுரப்பியின் நீர் உமிழ்நீருடன் சேரும்போது இதன் கடி நச்சுத்தன்மை அடைகிறது. பாலூட்டிகளில் இது மிக அரிய பண்பாகும்.

ஒரே காட்டில் ஏழு முதனிகள் எவ்வாறு பிழைக்கின்றன என்ற கேள்வி எழுவது இயல்பு. உயரம், உணவு, நேரம் ஆகிய மூன்றிலும் அவை வேறுபடுவதே விடை. கிப்பன் உச்சியில் பழம் தேடும்போது, மந்தி இலை தின்கிறது, குட்டைவால் குரங்கு கீழே சருகைக் கிளறுகிறது, தேவாங்கு உறங்குகிறது.

== பிற விலங்குகள் ==

யானை, சிறுத்தை, காட்டுப்பூனை, புனுகுப்பூனைகள், காட்டுப்பன்றி, பல வகை அணில்கள் ஆகியன இங்கு உள்ளன. இருநூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. யானைகளுக்கு இக்காப்பகம் ஓர் இல்லம் என்பதைவிடத் தங்கிச் செல்லும் இடம் என்பதே பொருந்தும். அவை தேயிலைத் தோட்டங்களின் வழியாக நாகாலாந்து எல்லைக் காடுகளுக்குச் சென்று வருகின்றன. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நீர் வடிவதற்காக வெட்டப்படும் ஆழமான கால்வாய்களில் யானைக்கன்றுகள் விழுந்துவிடுவதுண்டு. சிறுத்தைகளோ தேயிலைப் புதர்களையே மறைவிடமாகக் கொள்கின்றன. இதனால் தொழிலாளர்கள் தாக்கப்படுவதும் உண்டு. ஆக, தேயிலைத் தோட்டம் யானைக்கு ஓர் இடர் மிகுந்த பாதை, சிறுத்தைக்கு ஒரு மறைவிடம், கிப்பனுக்குக் கடக்க முடியாத வெளி.

== இருப்புப்பாதைச் சிக்கல் ==

காப்பகத்தினுள் 1.65 கிலோமீட்டர் நீளத்திற்குச் செல்லும் இருப்புப்பாதை, காட்டை வடக்கே ஒரு சிறு துண்டாகவும் தெற்கே ஒரு பெரும் பகுதியாகவும் பிரிக்கிறது. செம்முகக் குரங்கு தண்டவாளத்தை நடந்து கடந்துவிடும். கிப்பனுக்கோ இருபுறமும் மரக்கிளைகள் தொட்டுக்கொள்ளாவிட்டால் பாதையின் அகலமே எல்லையாகிவிடுகிறது.

பருவமடைந்த இளங்கிப்பன் பெற்றோரை விட்டு விலகி, வேறு குடும்பத்தில் பிறந்த துணையையும் ஆளில்லாத காட்டுப் பகுதியையும் தேட வேண்டும். சிறு துண்டில் சில குடும்பங்களே உள்ள நிலையில் அதற்கு இரண்டும் கிடைப்பதில்லை. துணையின்றித் திரியலாம், அல்லது நெருங்கிய உறவுடன் சேரலாம். தலைமுறைகள் கடக்கும்போது மரபியல் வேறுபாடு குறைந்து, நோய்க்கோ புயலுக்கோ தாக்குப்பிடிக்கும் ஆற்றல் சுருங்கும். மரம் ஒன்றுகூட வெட்டப்படாமல், வேட்டை ஏதும் நடக்காமல், முழுப் பாதுகாப்பில் இருக்கும் போதே ஒரு கூட்டம் இவ்வாறு அழிந்துபோகலாம்.

இதைத் தீர்க்கப் பாதையின் மேல் இரும்புப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. கிப்பன்கள் அதை ஏற்கவில்லை. மறுபுறம், பாதையோரம் மரங்களை நட்டு, அவற்றின் கிளைகள் மேலே கூடும்படி வளர்க்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. மரம் வளரப் பல ஆண்டுகள் பிடித்தாலும், இவ்வியற்கைப் பாலத்தைக் கிப்பன்கள் பயன்படுத்தியமை பதிவாகியுள்ளது. ஆனால் பாதையை இரட்டையாக்கி மின்மயமாக்கினால் இடைவெளி விரிவதுடன், மின்கம்பிகளுக்காகக் கிளைகளையும் வெட்ட நேரும். எனவே பாதையைக் காப்பகத்துக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பரிந்துரைத்தனர். கிப்பன்களுக்கெனக் கயிற்றுப் பாலங்கள் அமைக்கும் திட்டமும் தொடருந்துத் துறை, வனத்துறை ஆகியவற்றுடன் இணைந்து வகுக்கப்பட்டது. பாதையை மாற்றுவதே முழுத் தீர்வாகும். பாலங்கள், கிளைகள் மீண்டும் கூடும் வரையிலான இடைக்கால உதவியாகவே அமைய முடியும்.

== எண்ணெய் ==

மேல் அசாம் இந்தியாவின் பழமையான எண்ணெய் வயல்களைக் கொண்ட பகுதி. 2024 ஆம் ஆண்டில், காப்பகத்தைச் சுற்றியுள்ள சூழல் உணர்திறன் மண்டலத்தில் எண்ணெய் வளம் தேடித் துளையிடும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இதற்கு உள்ளூர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது அச்சத்துக்குக் காரணம் உண்டு. தின்சுகியா மாவட்டத்தின் பாக்ஜான் என்னும் இடத்தில் 2020 மே 27 அன்று எண்ணெய்க் கிணறொன்று வெடித்து, சூன் 9 அன்று தீப்பற்றியது. தீயை முற்றிலும் அணைக்க நவம்பர் வரை ஆயிற்று. அதே மாவட்டத்துப் பரேகுரி என்னும் ஊரில், வீட்டுத் தோட்ட மரங்களிலேயே கிப்பன் குடும்பங்கள் ஊராரின் பாதுகாப்பில் வாழ்ந்துவருகின்றன.

== ஒப்பீடு: போராஜன் ==

ஹோலோங்காபாரைவிடச் சிறிய காட்டுத் துண்டுகளுக்கு நேர்ந்ததைத் தின்சுகியா மாவட்டத்தின் பேர்ஜான்–போராஜன்–படுமனி காப்பகத்தில் காணலாம். 7.22 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது ஒன்றோடொன்று தொடர்பில்லாத துண்டுகளால் ஆனது. 1990களில் போராஜன் துண்டில் மரங்கள் பெருமளவு வெட்டப்பட்டதால் கிப்பன்களின் எண்ணிக்கை மிக விரைவாக வீழ்ந்தது. தப்பிச் செல்ல அருகில் வேறு காடு இல்லை. அது காப்பகமாக அறிவிக்கப்பட்டது 1999 ஆம் ஆண்டில்தான்.

== பார்வையிடல் ==

நவம்பர் முதல் மார்ச் வரையான காலம் காப்பகத்தைப் பார்வையிட ஏற்றது. மழைக்காலத்தில் பாதைகள் சேறாகி, அட்டைகள் மிகுந்துவிடும். மரியானியில் தொடருந்துச் சந்திப்பும், ஜோர்காட்டில் வானூர்தி நிலையமும் உள்ளன. வனத்துறையின் இசைவு பெற்று, வனக்காவலர் துணையுடன் நடந்தே உள்ளே செல்ல வேண்டும். கிப்பனைக் காண விரும்புவோர் விடியற்காலையில் செல்வது நல்லது. பாடல் ஒலிக்கும் திசையைக் கொண்டே வழிகாட்டிகள் குடும்பங்களைக் கண்டறிகின்றனர். நண்பகலுக்கு மேல் அவை பெரும்பாலும் குரல் கொடுப்பதில்லை.